40 கேபி மரியோவும் வெண்பாவின் இட்லித் தட்டும்

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். அதில் மேகமும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. 90களில் செங்கல்பட்டில் நாங்க ஆடினது அசல் நிண்டெண்டோகூட இல்லை, அதன் நகல் பெட்டி. கேட்ரிட்ஜ் மேல லட்சக்கணக்கில் கேம்னு அச்சடிச்சிருக்கும். உள்ளே அதே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும்.

இன்றைக்குச் சில கேம்கள் 100 ஜிபி கேட்குது. மாமல்லபுரம் கடலைவிட அழகான கடல்கூட வருது. ஆனா நான் ஆடினவரைக்கும் அந்தக் கரைகளில் யாரும் தமிழ் பேசலை.

அதனால்தான் டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' எனக்கு முக்கியம். 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. முதல் புதிரே இட்லி. அம்மாவின் சமையல் குறிப்பு சிதைஞ்சு கிடக்கு. ஆவி மேலே போக வழிவிட்டு தட்டுகளை எப்படி அடுக்கணும்னு நாமே யோசிக்கணும். விதி பாத்திரத்திலேயே இருக்கு, தனியா விளக்கவுரை வேண்டாம். மேகத்தைப் புதராக்கின அதே சிக்கனம் இது.

குறையும் உண்டு. சொதப்பினா எதுவும் போகாது, மறுபடி செய்யலாம். ஒரே உட்காரலில் முடிஞ்சும் போகுது. 2024-ல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது கிடைச்சது சரிதான், ஆனா இன்னும் நாலு சமையலாவது வெச்சிருக்கலாம்.

பிற்பகுதியில் மகன் கவின் அந்தக் குறிப்புகளைக் கையில் எடுக்கிறான். தமிழ் படிக்கத் தடுமாற்றம். அவன் கனடாவில் வளர்ந்தவன். என் மகன் வளர்றது செங்கல்பட்டில். அவனும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்.