பொம்பிளை ஒருமையும் இரண்டு தராசுகளும்

2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்த தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றி மார்க்சியர் எழுதியவற்றைச் சித்தூரில் என் கடையில் இருந்தபடியே படித்து வந்திருக்கிறேன். வாதம் இரண்டே வகை. லெனினின் 1902-ஆம் ஆண்டு நூலைக் கையிலெடுத்தவர்கள், கட்சி வழிகாட்டாத எழுச்சி கூலி உயர்வோடு அடங்கிவிடும் என்றார்கள். ரோசா லக்சம்பர்க்கின் 1906-ஆம் ஆண்டு நூலை எடுத்தவர்கள், மக்கள் தாமாக எழுவதே பெரிய பள்ளிக்கூடம் என்றார்கள். இரு தரப்பாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நான் படித்தவரை போனஸ் கணக்கை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வியாபாரிக்குக் கணக்குதானே முதலில் கண்ணில் படும்! கம்பெனி 10 சதவீதம் என்றது; பெண்கள் 20 கேட்டார்கள். முடிவில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67. கூட்டினால் 20 வந்துவிடுகிறது. 8.33 என்பது 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சம், அதாவது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். மீதியெல்லாம் முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததாகப் பேரேட்டில் ஏறும். கைக்குக் காசு முழுசாக வந்தது; உரிமை என்று எழுதப்பட்டதோ 10-லிருந்து எட்டே சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு அது 2005 முதல் தொழிலாளரையும் பங்குதாரராக்கிய கம்பெனி. தன் கம்பெனி வாசலில் தானே மறியல்! இதற்கு எந்த நூலில் விடை தேடுவது?

பெயரும் வேடிக்கையானது. மலையாளத்தார் காதில் ஒருமை என்றால் ஒற்றுமை. நம்ம இலக்கணத்தில் அது பன்மைக்கு எதிர்ப்பதம்.

கூலி விஷயத்துக்கு வருவோம். 232 ரூபாயை 500 ஆக்கக் கேட்டார்கள்; அக்டோபரில் 301 ஆயிற்று. அதைப் பேசி முடித்த தோட்டத் தொழிலாளர் குழுவில் நாற்காலி அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்குத்தான். பெண்கள் சாலையிலிருந்து விரட்டிய அதே சங்கங்கள் மேசையில் கையெழுத்துப் போட்டன. எங்கள் பக்கத்துப் பிளாச்சிமடையில் நிலைமை வேறு. 2002-இல் ஆதிவாசி மக்கள் தொடங்கிய போராட்டத்துக்கு, 2003-இல் கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த பெருமாட்டி பஞ்சாயத்து என்ற பிடி கிடைத்தது. 2004-இல் ஆலை நின்றது. ஆகவே, தானாக எழுந்ததா, கட்சி எழுப்பியதா என்பதைவிட, கையெழுத்துப் போடும் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதே என் கேள்வி.

பெண்களுக்கும் அது புரியாமல் இல்லை. 2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளம் தொகுதியில் எடுபடவில்லை. இதை வைத்து லெனின் பக்கத்தார் வெற்றி கொண்டாடினால், அந்தக் குழுவில் இருந்த தங்கள் நாற்காலிக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.