கடல்நீரின் வழி

படகிலுள்ள டீசல் ஜெனரேட்டரைக் குளிர்விக்க உள்ளிழுக்கப்படும் கடல்நீர் பாசியும் மணலும் சிப்பித் துணுக்குகளும் கலந்தே வருவதால், பம்பின் இம்பெல்லரை, அதாவது நெகிழும் ரப்பர் இதழ்கள் கொண்ட சுழலியை, அது அடையுமுன் கசடைத் தடுக்கும் வடிகட்டிக்கே முதல் மதிப்பு உரியது. பழைய சிறு வடிகட்டியை அகற்றி, வெண்கல உடலும், துருப்பிடிக்காத எஃகுக் கூடையும், சேரும் கசடைத் திறக்காமலே காட்டும் ஒளிபுகு கிண்ணமும் கொண்ட பெரியதொன்றைப் பொருத்துவது கண்ணுக்கும் நிறைவான வேலை. உடலுக்கு வெண்கலமே ஏற்றது; பித்தளையோ கடல்நீரில் நாளடைவில் துத்தநாகத்தை இழந்து நொறுங்கும் இயல்புடையது. குழாயின் தேர்வு இன்னும் நுட்பமானது: பம்பு உறிஞ்சும் பக்கத்தில் சாதாரண ரப்பர்க் குழாய் இளகி உட்புறமாக ஒட்டி நீரோட்டத்தை அடைத்துவிடக்கூடும் என்பதால், சுவருக்குள் கம்பிச்சுருள் பொதிந்த குழாயே அங்குப் பொருந்தும். நீர்மட்டத்துக்குக் கீழே அது கழன்றால் படகே மூழ்கக்கூடுமாதலால், முனைதோறும் இரண்டு கிளிப்புகள் அருகருகே இறுக்கப்படுகின்றன.