‘தி டெரரிஸ்ட்’: அறுபடாத உறவுகள்

சந்தோஷ் சிவன் 1998-இல் தமிழில் உருவாக்கிய ‘தி டெரரிஸ்ட்’ திரைப்படத்தைப் போற்றாத திறனாய்வாளர் அரியர். மழைத்துளியையும் மனித முகத்தையும் அத்துணை நெருக்கத்தில் காட்டும் அதன் ஒளிப்பதிவை நாமும் போற்றுகிறோம். தற்கொலைத் தாக்குதலுக்குத் தெரிவு செய்யப்பட்ட மல்லி என்னும் இளம்பெண், தன் வயிற்றில் ஓர் உயிர் வளர்வதை அறிந்து தடுமாறுவதே கதை. கருவிலுள்ள உயிரின் மாண்பை ஓயாது எடுத்துரைக்கும் நமக்கு இக்கதை உவப்பளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் உவப்பு வேறு, உண்மை வேறு.

இயக்கம் உறவை அறுக்கிறது, உறவு மனிதனை மீட்கிறது என்பது படத்தின் வாதம். ஆனால் மல்லியைக் களத்திற்கு அழைத்து வந்ததே போராட்டத்தில் மாண்ட அண்ணனின் நினைவுதானே! இதைப் படம் காட்டிவிட்டு விரைந்து கடந்துவிடுகிறது. நாம் அங்கேயே நின்றுவிட்டோம்.

இக்கதையைப் பார்ப்பவர் எவருக்கும் 1991 மே 21 இரவும் திருப்பெரும்புதூரும் நினைவுக்கு வரும். இராஜீவ் காந்தி கொலை வழக்கில் வெளிப்பட்ட வலைப்பின்னல் உறவற்றவர்களால் ஆனதன்று. கணவன், மனைவி, மாமனார், மைத்துனர் எனக் குடும்பங்களே குற்றக் கூண்டில் நின்றன. நளினியோடு அவருடைய தாயும் தம்பியும் நின்றனர். அவர்கள் வீட்டில் தங்க வந்த முருகன் நளினியின் கணவரானார். சிவராசன் யாழ்ப்பாணத்திற்கு அனுப்பிய கம்பியில்லாச் செய்தி ஒன்றில் நளினி பெயரால் குறிக்கப்படவில்லை. அவ்வீட்டின் மூத்த மகள் என்றே குறிக்கப்பட்டார். சங்கேத மொழிக்கும் உறவு முறைதான் கைகொடுத்தது! பிறர் ஐயுறாத இடம் வீடு. ஆகவே வன்முறை அங்கே குடிபுகுந்தது.

அப்படியானால் உறவே குற்றத்திற்குச் சான்றாகுமா? 1998 சனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேருக்குக் கொலைச் சதியில் பங்கில்லை என்றது. நளினியின் தாயும் தம்பியும் அவர்களுள் அடங்குவர். நளினியின் தூக்கை நீதியரசர் கே. டி. தாமஸ் மட்டும் ஏற்கவில்லை. சிறையில் பிறந்த பெண் குழந்தை அநாதையாகிவிடலாகாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. மல்லியின் கதையை எழுதியவர்கள் அத்தீர்ப்பைப் படித்தால் நலம்.

சித்தேரி மலைப்பகுதியில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அது கொலை வழக்கு, இது சந்தன மரக் கடத்தல். எனினும் 1992 சூன் 20-இல் இம்மலையடிவாரத்து வாச்சாத்தியில் நுழைந்த அரசுப் பணியாளர்கள் ஊர் முழுவதையும் குற்றவாளியாக்கினர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011-இல்தான் உயிரோடிருந்த 215 பணியாளர்களுக்குத் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது.

படத்தின் இறுதியில் மல்லியின் விரல் பொத்தானருகே நிற்கிறது. அழுத்தினாளா என்பதே பேச்சாகிவிட்டது. ஒன்றும் அறியாமல் அவளுக்கு வீட்டில் இடமளித்த முதியவர் வாசுவையும், ஆண்டுக்கணக்கில் உணர்வற்றுப் படுத்திருக்கும் அவர் மனைவியையும் எவரும் பேசுவதில்லை. மறுநாட்காலையில் அக்கதவைத் தட்டப்போகிறவர்கள் யார்? அந்தக் காலைப் பொழுது படத்தில் இல்லை.