ஒளியும் ஒளிவும்

தமிழில் ‘ஒளி’ என்னும் சொல் பெயராய் நிற்கும்போது வெளிச்சத்தைக் குறிக்கும்; வினையாய் நிற்கும்போது மறைத்தலைக் குறிக்கும். லேசர் ஒளியால் கம்பியின்றி மறைசெய்தி அனுப்பும் முறை இவ்விரு பொருளையும் ஒருங்கே கொண்டது. ஆனால் அதனைத் தமிழில் விளக்குவோர் சிலர், ‘எவராலும் ஒட்டுக் கேட்க இயலாத ஒளி’ என்று எழுதிவிடுகின்றனர். தொடர் அழகியதுதான், பொருளோ பொருந்தவில்லை.

முதலில் லேசருக்கு வழங்கும் ‘சீரொளி’ என்னும் கலைச்சொல்லை நோக்குவோம். விளக்கொளியின் அலைகள் சந்தைக் கூட்டம்போல் கலைந்து செல்லும். லேசரின் அலைகளோ ஒன்றோடொன்று இசைந்து செல்லும். ஆதலின் ‘சீர்’ என்பது தக்க அடைமொழியே. குற்றம் சொல்லில் இல்லை, விளக்கத்தில்தான் உள்ளது.

விளக்குவோர் இரு வேறு முறைகளை ஒன்றாக்கிவிடுகின்றனர். முதலாவது, செய்தியையே லேசர் கற்றையில் ஏற்றி அனுப்புவது. வானொலி அலை நாற்புறமும் பரவும், இக்கற்றை குறுகியது. ஆகவே இடையில் பிடிப்பது அரிது. ஆயினும் இயலாதது அன்று. தொலைவு செல்லச் செல்லக் கற்றை விரியும், ஓரத்தில் சிந்தும் ஒளியை ஒற்றன் பிடிக்கக் கூடும்.

இரண்டாவது, 1984-இல் பென்னட்டும் பிராசார்டும் வகுத்த குவாண்டம் முறை. இதில் தனித்தனி ஒளித்துகள்கள் சுமந்து செல்வது செய்தியை அன்று. அதைப் பூட்டும் திறவுகோலை. இடையில் ஒருவன் அத்துகளை அளந்தால் அதன் நிலை குலையும், பிழைகள் மிகும், களவு வெளிப்படும். உடனே அத்திறவுகோலை எறிந்துவிடலாம். ஆகவே ‘ஒட்டுக் கேட்க முடியாது’ என்பது பிழை. ‘ஒட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்’ என்பதே சரி.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2021-இல் அகமதாபாத்தில் 300 மீட்டர் தொலைவுக்கு இம்முறையைச் செய்து காட்டியது. பகலொளி குறுக்கிடாதிருக்க இரவில் சோதனை நடந்தது. 2025-இல் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அனுப்பினர். அங்குக் கிடைத்த வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 240 பிட்டு. திறவுகோலுக்கு இது போதும். நெடிய உரையாடலை நேரே சுமக்கப் போதாது. இந்த எண்ணொன்றே இரு முறைகளின் வேறுபாட்டை உணர்த்தும்.

‘பாதுகாப்பான’ என்னும் அடைமொழியும் ஆராயத்தக்கது. மறைவாய்ச் செல்வது ஒன்று. தவறாமல் சேர்வது மற்றொன்று. எங்கள் கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் மூடுபனி இறங்கினால் எதிர்க்குன்று மறைந்துவிடும். வானொலியின் நீண்ட அலை பனித்துளிகளைக் கடந்து செல்லும். லேசர் ஒளியோ அவற்றில் பட்டுச் சிதறும். ஒற்றனுக்கு அஞ்சாத தூது பனிக்கு அஞ்சும் என்பதை மாணவர்க்குச் சொல்லாமல் விடுவது அரைப்பாடமே.

இன்னொன்றும் உண்டு. மறுமுனையில் இருப்பவர் உரியவர்தாமா என்பதைக் குவாண்டம் ஒளி தானாகக் கூறாது. அதற்குத் தனி அடையாளம் வேண்டும். அனுமன் கணையாழியைக் காட்டிய கதையைக் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று.

அறிவியலைத் தமிழில் எழுத இயலுமா என்ற ஐயம் இன்றும் சிலர்க்கு உண்டு. அதை நீக்கப் புகழுரை உதவாது. ‘அரிது’ என்பதற்கும் ‘இயலாது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காத்து எழுதுவதே தக்க விடை. சொல்லில் அளவு பிசகினால் வெளிச்சம் தரவேண்டிய கட்டுரையே உண்மையை ஒளித்துவிடும்.