ஊர் சொல்லாத சிலை

2019 தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்கும் தற்காலிகமாக ஒரு சிலை வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் தேக்காவில் முன்பின் தெரியாதவர்கூட "நீங்க ஊர்ல எந்தப் பக்கம்?" என்றுதானே பேச்சை ஆரம்பிப்பார்! அதற்குச் சிலையிடம் பதில் இல்லை. 1819-இல் பினாங்கிலிருந்து வந்தவர், செங்கல் சூளை போட்டவர், 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலுக்கு வித்திட்டவர். நாம் கொண்டாடும் கதை கப்பல் இறங்கிய பிறகே தொடங்குகிறது.

ஜெர்மானிய முன்னோரைத் தேடுகிறவருக்குக் குடும்பப் பெயரும் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் துணை. நமக்கோ 'பிள்ளை' என்பது சாதிப் பட்டம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது. தகப்பன் பெயரும் ஓரெழுத்தாய்ச் சுருங்கிவிடும். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்த என் தாத்தாவின் காகிதத்தில் மிஞ்சியிருப்பது ஓர் 'எம்'. முத்துவா, மாரியா, முனியாண்டியா?

அடுத்த சிலையின் பீடத்தில் 'ஊர்' என்று எழுதி, தெரியாவிட்டால் காலியாகவே விடட்டும். பார்க்கிற பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்கும். நான் அப்பா இருக்கும்போதே கேட்டிருக்கணும்.