அமுதசுரபியின் வரவு செலவு

மணிமேகலையின் 28ஆம் காதையில் காஞ்சி மாநகர் பஞ்சத்தில் கிடக்கிறது. மழை பொய்த்து, விளைச்சல் அற்று, உயிர்கள் மடிகின்றன. வஞ்சியில் இருந்த மணிமேகலை இதைக் கேள்விப்பட்டு அமுதசுரபியோடு காஞ்சிக்கு வருகிறாள். அவளை எதிர்கொள்ளும் மன்னன் இளங்கிள்ளி, நாட்டுக்கு ஏன் இந்த நிலை வந்தது என்று தனக்குத் தெரியவில்லை என்கிறான். அவனுக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. தன் செங்கோல் வளைந்துவிட்டதா? செய்த தவத்தில் பிழை நேர்ந்ததா? பெண்களின் கற்பில் குறை ஏற்பட்டதா?

வகுப்பறையில் இந்த இடம் மன்னனின் பணிவுக்குச் சான்றாகச் சொல்லப்பட்டு நகர்ந்துவிடும். ஆனால் இந்த மூன்று ஐயங்களும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. கோலும் தவமும் அவனுடையவை. பிழை இருந்தால் அவனே திருத்திக்கொள்ளலாம். மூன்றாவது அந்த இடத்தில் இல்லாத, பதில் சொல்ல வாய்ப்பில்லாத, ஊர்ப் பெண்கள் எல்லோர் மீதும் விழுவது. வானம் வறண்டதற்கு அவர்கள் வீட்டுக்குள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம் என்று ஓர் அரசன் வெகு இயல்பாகச் சொல்லிவிட முடிகிறது. கேட்டுக்கொண்டிருப்பவளோ கணிகையர் குலத்தில் பிறந்தவள். சாத்தனார் அவள் வாயிலாக இதற்கு மறுப்பு எதையும் வைக்கவில்லை.

இந்த ஐயம் இளங்கிள்ளி ஒருவனுடையது என்று விட்டுவிடவும் முடியாது. கணவனைத் தொழுது எழுபவள் சொன்னால் மழை பெய்யும் என்ற நம்பிக்கை திருக்குறளில் இருக்கிறது. பட்டிமன்ற மேடைகளில் அதைப் பெண்ணின் பெருமையாகப் பேசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். மழையை வரவழைக்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், மழை வராத ஆண்டில் முதலில் விசாரிக்கப்படுபவளும் அவளாகத்தான் இருப்பாள். புகழ்ச்சிக்குள்ளேயே குற்றச்சாட்டும் தயாராக இருக்கிறது.

காப்பியத்தில் மன்னனுக்குப் பதில் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அவன் கலங்கி நின்றபோது ஒரு தெய்வம் தோன்றி, அவனுடைய உயர்ந்த தவத்தால் ஒரு பெண் வருவாள், அவள் கையில் உள்ள பாத்திரத்தால் நாடு பிழைக்கும், அவள் அருளால் மழையும் பெய்யும் என்று சொல்லியிருக்கிறது. புகாரைக் கடல் கொண்டதற்கு இந்திர விழாவை மறந்ததைக் காரணம் காட்டும் காப்பியம், காஞ்சியின் பஞ்சத்துக்கு அப்படி ஒரு காரணத்தைக் காட்டுவதில்லை. தெய்வம் குற்றவாளியைத் தேடாமல் சோற்றைப் பற்றிப் பேசுகிறது. அந்த வகையில் இது பெரிய பதில்தான். ஆனாலும் அந்தப் பதிலுக்குள் ஒரு பங்கீடு ஒளிந்திருக்கிறது. புண்ணியம் மன்னனின் தவத்துக்குப் போகிறது. வேலை பெண்ணின் கைக்கு வருகிறது.

இந்தக் காதையை நான் வரிவரியாக மறுபடி வாசித்தது 2020இல், கைபேசித் திரையைப் பார்த்தபடி பாடம் நடத்த வேண்டியிருந்த மாதங்களில். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் காஞ்சிபுரம் அத்தி வரதரைப் பார்க்க வந்தவர்களால் நிறைந்திருந்தது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்து போனார்கள். 1979க்குப் பிறகு குளத்திலிருந்து வெளியே வந்த பெருமாள் மறுபடி குளத்துக்குள் போன ஏழு மாதங்களில், 2020 மார்ச் 25 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வரதரைச் சேவித்த ஊருக்கே இந்தக் கதியா என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். ஏதோ குறை நேர்ந்திருக்கிறது என்றார்கள். குறையைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. வாசலில் மஞ்சள் நீர் தெளிக்க வேண்டும், வேப்பிலை கட்ட வேண்டும், இத்தனை விளக்கு இத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று கைபேசியில் வந்த செய்திகள் எல்லாம் பெண்களுக்கே வந்தன. இளங்கிள்ளியின் மூன்றாவது ஐயம் வாட்ஸ்அப்பிலும் உயிரோடு இருந்தது.

அந்த ஆண்டில் நெசவுக்கு நேர்ந்ததற்குக் காரணம் தேட வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி, ஆனி மாத முகூர்த்தங்களை நம்பித்தான் இங்கே தறிகள் ஓடுகின்றன. மே மாதத்திலிருந்து திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி வந்தது. கர்நாடகத்திலிருந்து பட்டு வரவில்லை, சூரத்திலிருந்து ஜரிகை வரவில்லை. நெய்து முடித்த சேலைக்கும் வாங்க ஆள் இல்லை. தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. மே 7 அன்று சென்னைக்கு வெளியே மதுக்கடைகளைத் திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொல்ல, உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கி 16ஆம் தேதி மறுபடி திறந்தது. பெரிய கோயில்களின் கதவு திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று. ஒரு கையால் கொடுத்த ஆயிரத்தை இன்னொரு கையால் வாங்கிக்கொள்ளும் வழி கோயிலுக்கு முன்பே திறந்துவிட்டது என்று நெசவாளர் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். ஆட்சியைப் பற்றிய இந்த விமர்சனம் அவர்கள் வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்தே வந்தது.

என் மாணவிகளில் பாதிப் பேர் நெசவுக் குடும்பத்தினர். அமுதசுரபி பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன்: இந்த ஆண்டு உங்கள் வீட்டில் வற்றாத பாத்திரம் எது? ரேஷன் கடை என்று சிலர் எழுதினார்கள். பாட்டியின் முதியோர் உதவித்தொகை என்று ஒருத்தி எழுதினாள். அப்போது அது மாதம் 1,000 ரூபாய். பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் ஒரு பெண் ‘அம்மாவின் தோடு’ என்று எழுதி, அதற்குக் கீழே அம்மாவின் நோட்டிலிருந்த கணக்கை அப்படியே பிரதி எடுத்திருந்தாள். தோட்டுக்கு வந்த தொகை, அதில் குழுக் கடனுக்குக் கட்டியது, வாடகை, அண்ணனின் கைபேசி ரீசார்ஜ், கடைசி வரியில் அம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த 11 ரூபாய்.

எனக்கும் அந்த ஆண்டு அப்படித்தான் போனது. நான் வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரி ஐந்து மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தது. என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. அந்த ஆண்டில் தங்கம் சவரனுக்கு 40,000 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி, நகையின் மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் கொடுக்கலாம் என்று வரம்பை உயர்த்தியது. அதற்கு முன் மார்ச் 27 அன்று தவணைகளைத் தள்ளிவைக்கும் சலுகையை அறிவித்து, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்திருந்தது. தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. இவற்றைப் பொருளாதார நடவடிக்கைகள் என்றே செய்தித்தாள் எழுதியது. நடைமுறையில், ஒரு பெருந்தொற்றின் செலவில் கணிசமான பங்கு பெண்களின் காதிலும் கழுத்திலும் கையிலும் இருந்து எடுக்கப்பட்டது.

அந்த மாணவி பிரதி எடுத்த பக்கத்தில் ‘கடன்’ என்ற சொல் வேறு வேறு பொருளில் வருகிறது. குழுக் கடன், நகைக் கடன், அம்மனுக்கு நேர்த்திக்கடன். தமிழில் கடன் என்றால் திருப்பித் தர வேண்டியது, கடமை என்று இரண்டும்தான். பொன்முடியார் தன் புறநானூற்றுப் பாடலில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்கும் உரிய கடன்களை வரிசைப்படுத்தியபோது பட்டியலைத் தாயிலிருந்துதான் தொடங்கினார். பெண்ணைப் பொறுத்தவரை இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. குடும்பத்துக்காக அவள் வாங்கும் கடன் அவளுடைய கடமையாகிவிடுகிறது. அதனால் குடும்பம் அவளுக்குப் பட்ட கடன் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தோடு திரும்பி வருமா என்று அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அம்மனுக்கான 11 ரூபாய்க்கு மட்டும் வரி இருக்கிறது. நம்பிக்கையை இங்கே கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. தன் பெயரில் தானே வாங்கி, தானே தீர்க்கப்போகிற கடன் என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அமுதசுரபியையும் இந்த நோட்டை வைத்து வாசிக்கலாம். வெறும் பாத்திரமாக இருந்த அது, ஆதிரையின் கையால் முதல் பிச்சை பெற்ற பிறகுதான் வற்றாததாகிறது. ஆதிரை யார்? அவள் கணவன் சாதுவன் கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்துவிட்டுக் கப்பலேறிப் போனவன். அவன் இறந்துவிட்டதாகக் கேட்டுத் தீயில் இறங்கினாள், தீ அவளைச் சுடவில்லை. பிறகு அவன் நாகநாட்டிலிருந்து பொருளோடு திரும்புகிறான். தீயைப் பற்றி விரிவாகச் சொல்லும் காப்பியம், அவன் இல்லாத நாட்களில் அவள் எதை விற்றாள், யாரிடம் வாங்கினாள், எப்படிச் சாப்பிட்டாள் என்று சொல்வதில்லை. கற்பு பதிவாகிறது, கணக்கு பதிவாகவில்லை. ஒரு பாத்திரம் வற்றவில்லை என்றால் அதை யாரோ நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். அற்புதம் என்று பெயர் வைத்துவிட்டால் நிரப்புகிறவரைக் கேட்க வேண்டியதில்லை.

தறியிலும் இதே கதைதான். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நாடாக்களை மாற்றி மாற்றி வாங்கிப் போட நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி அல்லது பிள்ளை. தார் சுற்றுவதும் அவள் வேலை. சேலைக்குத்தான் கூலி, அதை வாங்குவது ஒருவர். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். 1992இல் ஏற்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மத்திய அரசு 2020 ஜூலை 27 அன்று கலைத்தது. அது வெறும் ஆலோசனை வாரியம்தான். ஆனாலும் நெசவாளர் தரப்பு உட்கார்ந்து பேச ஓர் இடம் அது. தறிகள் நின்றுபோயிருந்த ஆண்டில் அந்த இடமும் போனது. பதினொரு நாள் கழித்துத் தேசியக் கைத்தறி நாள் வாழ்த்துச் செய்திகளோடு கொண்டாடப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் மணிமேகலையை விட்டுவிடச் சொல்லவில்லை. காஞ்சியில் அவள் பாத்திரத்தோடு நின்றுவிடவில்லை. அவள் வருகைக்கென்றே பொய்கையும் பொழிலும் அமைக்கப்பட்டிருந்தன. புத்த பீடிகையும் கோயிலும் எழுப்பச் செய்து, பாத்திரத்தை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைக்கிறாள். 18 மொழி பேசுவோர் வருகிறார்கள். பார்வையற்றவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர், நோயுற்றவர், வறியவர் எல்லோரும் உண்கிறார்கள். யார் தகுதியானவர் என்று யாரும் விசாரிக்கவில்லை. 2020இல் இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வேலை செய்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடும்ப அட்டை இல்லாததால் எந்தக் கணக்கிலும் வராமல் நின்றார்கள். பல மொழி பேசுவோர் காஞ்சியில் ஒரே இடத்தில் உண்ணலாம் என்ற எண்ணம் காப்பியத்தில் இருக்கிறது, அரசாணையில் இல்லை. முன்பு புகாரில் சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக மாற்றக் கேட்டவளும் இவள்தான். பசியை வீட்டுக்குள்ளிருந்து பொது இடத்துக்குக் கொண்டுவந்ததுதான் அவள் செய்த அரசியல்.

2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அவர் பிறந்த இதே ஊரில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். தகுதி வரம்புகள் இருக்கின்றன, தொகையும் சிறியது. விடுபட்டவர்கள் நடையாய் நடந்ததையும் பார்த்தேன். இருந்தாலும் ‘நிவாரணம்’, ‘உதவி’ என்பவற்றை விட்டு ‘உரிமை’ என்ற சொல்லை ஓர் அரசு எடுத்துக்கொண்டது முக்கியம். அரசுக்கும் இவளிடம் கடன் இருக்கிறது என்பதை அந்தச் சொல் மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. பாத்திரத்தை நிரப்புகிறவளுக்குக் கணக்கு காட்டுவது இங்கிருந்து தொடங்கலாம். ஆனால் அது ‘குடும்பத் தலைவி’ என்ற பெயரில்தான் அவளை அடைகிறது. நெசவாளி என்ற பெயரில் அவளுக்குக் கூலி இன்னும் வரவில்லை.

கெட்ட ஆண்டுகள் இனியும் வரும். அப்போதும் கோல், தவம், கற்பு என்று காரணம் தேடுவார்கள். முதலாவதைத் தேடுவது அவசியம், இரண்டாவது அவரவர் மனம். மூன்றாவதை வகுப்பறையிலேயே அடித்துவிட வேண்டும். அந்த இடத்தில் மாணவிகள் வேறொரு கேள்வியை எழுதட்டும்: இந்த ஆண்டு யாருடைய தோட்டில் நடந்தது, அதை யார் மீட்டுக் கொடுப்பது?