மூளைப் படங்களுக்குப் பொருள் காணல்

கல்முனைப் பெருவீதியில் வைகறையில் நிற்பான் ஒருவன் செவியிற் பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயின்மணியும் கடலிரைச்சலும் பேருந்தின் ஒலிப்பானும் ஒருங்கே வந்து விழும். பலவிடத்து வைத்த ஒலிவாங்கிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, கலந்தவற்றுள் மூல ஒலிகளைக் கணக்கினாற் பிரித்தெடுத்தல் கூடும். சாராக் கூற்றுப் பகுப்பு எனப்படுவது இதுவே. பிரிப்பு ஐயமற நிகழ்தற்கு, மூலங்களுள் ஒன்றற்கு மேற்பட்டது செவ்வன் பரம்பலைப் பெற்றிருத்தலாகாது. இதனோடு ஒட்டிய தேற்றங்களைச் சி. ஆர். ராவ், ககன், லின்னிக் என்பாருடன் இயற்றி 1973இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலிற் காணலாம். இந்தியப் புள்ளியியலார் ஒருவரின் பங்கு இதன்கண் உண்டென்பதை நம்மவருட் பலர் அறியார்.

1995இல் பரத் பிஸ்வாலும் அவர்தங் குழுவினரும், யாதொரு செயலுமின்றிக் கிடப்பாரின் மூளையில் இருபுறத்து இயக்கப் பகுதிகளும் குருதி ஒட்சிசன் குறிப்பில் ஒத்து ஏறி இறங்குதலைக் கண்டனர். இத்தகைய பதிவுகளுக்கு மேற்கூறிய பகுப்பினை ஏற்றி, 2005இற் பெக்மன் முதலியோர் படங்கள் வெளியிட்டனர்.

படங்கள் அழகியவை, படிப்பாரே பிழைபடுகின்றனர். முதற்பிழை 'சாரா' என்னுஞ் சொல்லிற் பிறக்கின்றது. இரு கூறுகள் சாராதவையெனின் அவை தம்முட் தொடர்பற்றன எனக் கொள்வாருளர். அது தவறு. மூளையாய்விற் பெரும்பாலுந் தேடப்படுவது காலத்திற் சாராமையன்று, இடத்திற் சாராமையே. ஒரு படத்தில் எவ்விடம் மிகுந்துள்ளது என்பதைக்கொண்டு மற்றதில் எவ்விடம் மிகுமென்று கூறவியலாது என்பதே அதன் பொருள். அவ்விரண்டும் காலத்தில் இணைந்து ஏறியிறங்கத் தடையில்லை, ஏறியிறங்கவுஞ் செய்கின்றன.

இனி, கூறுகள் எத்தனை என்பதை மூளை சொல்வதில்லை. பெரும்பாலும் ஆய்வாளரே வகுக்கின்றார். இருபதாகப் பகுத்தவிடத்து ஒன்றாய் நின்ற படம், எழுபதாகப் பகுத்தவிடத்துப் பலவாய்ப் பிரியலாம். 'பலகை' என்பதை ஒரு சொல்லாகவும் 'பல கை' எனவும் கொள்வார் வெவ்வேறு பொருள் காண்பதை இஃது ஒக்கும். கூறுகளின் வரிசையெண்ணும், சக குறி சய குறி என்பனவுங்கூடக் கணக்கின் தற்செயலேயாம். நீலநிறங் கண்டு அப்பகுதி உறங்கிற்று என்றுரைத்தல் பொருந்தாது.

தலையசைவும் நாடித்துடிப்பும் மூச்சும் தனித்தனிக் கூறுகளாய் வெளிப்படும். மூளையின் விளிம்பை வளையமாய்ச் சூழ்ந்த படம் பெரும்பாலும் அசைவின் சுவடே. அதற்குச் சிந்தனை வலை எனப் பெயர் சூட்டினால், தலையை ஆட்டிய நோயாளிக்குச் சிந்தைக் குறையென்று தீர்ப்பளித்ததாக முடியும். சிறுவரும் நோயாளரும் பிறரினும் மிகுதியாய் அசைவர். ஆதலின் இரு குழுவினரின் படங்கள் வேறுபடுமிடத்து, வேறுபட்டது மூளையோ அசைவோ என்று முதற்கண் வினவல் வேண்டும். கூற்றின் கால ஓட்டத்தைக் காட்டாது, வண்ணப் படத்தை மட்டும் அச்சிடுங் கட்டுரைகளில் இவ்வினாவிற்கு விடை தேடுவார் ஏமாறுவர்.